நாமும் குதிரை ஏறினோம்

குதிரைக்குத் தமிழிலே எத்தனை பெயர்கள்! பரி என்கிறோம், புரவி என்கிறோம், இவுளி என்கிறோம். 'மா' என்று ஓரெழுத்திலும் சொல்லி முடித்துவிடுகிறோம். வடமொழியிலிருந்து வந்த அசுவமும் துரகமும் வேறு. நிகண்டுகளைப் புரட்டினால் ஒரு லாயம் நிறையப் பெயர்கள் கிடைக்கும். இத்தனை பெயர்களைப் பேணிக் காத்த இனத்தவர் ஆயிரக்கணக்கில் நடமாடும் புறக்கோட்டையிலே, ஒரு சனிக்கிழமை முற்பகலில் பிரதான வீதி நடுவே நின்று, "உங்களில் குதிரை ஏறத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ன விலை?" என்ற கேள்வி வேண்டுமானால் மறுமொழியாக வரும்.

நாமும் நாற்பத்தேழு வயது வரை அக்கூட்டத்தில் ஒருவராகவே இருந்தோம். நான்காம் குறுக்குத் தெருவில், பருப்பும் வெங்காயமும் தானியங்களும் மொத்தமாக விற்கும் கடையொன்றின் மேல்மாடியிலே கணக்கெழுதுவது நமது உத்தியோகம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே மேசை. பேரேடு போய்க் கணினி வந்ததேயன்றி வேறு மாற்றமில்லை. கூனிய முதுகும், இரத்தத்திற் சற்றே கூடிய சர்க்கரையும் இவ்வுத்தியோகம் தந்த உபரி வருமானங்கள். "நாள்தோறும் வேகமாக நடவுங்கள்" என்றார் வைத்தியர். புறக்கோட்டையில் வேகமாக நடப்பது எங்ஙனம் என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? முன்னே நாட்டாமியின் தள்ளுவண்டி, பின்னே முச்சக்கரவண்டி, பக்கத்திலே நடைபாதை வியாபாரியின் பெருங்குடை. இவற்றுக்கிடையே நத்தை நடையன்றி வேறு நடை ஏது?

நடைக்குப் பதிலாகக் குதிரை ஏன் என்று வாசகர் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குச் சென்றிருந்தோம். கிரகரி வாவிக் கரையிலே குழந்தைகளை மட்டக்குதிரைகளில் ஏற்றி நடத்திச் செல்வார்கள். நமது மகள் ஏறி இறங்கி வந்தபின், குதிரை பிடித்த பையன் நம்மைப் பார்த்து, "ஐயாவும் ஏறுங்களேன்" என்றான். நாம் தலையசைத்து மறுத்தோம். பயந்து மறுத்திருந்தால் அவ்வளவோடு மறந்திருப்போம். குதிரையில் ஏறுவது நம்மைப் போன்றவர்களுக்கு உரியதன்று என்று, எவரும் சொல்லித் தராமலே, நமக்குள் ஒன்று முடிவு செய்து வைத்திருந்தது. அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்னும் ஐயம் மாத்திரம் நெருஞ்சி முள்ளைப் போல் மனத்திலே தங்கிவிட்டது. ஆகவே, கொழும்பின் புறநகரொன்றிலே பெரியவர்களுக்கும் குதிரையேற்றம் பயிற்றுகின்றார்கள் என்று ஒரு நண்பர் கூறியதும், ஞாயிறு காலை வகுப்பிற் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

செய்தி பரவியபோது கடை முதலாளி, "ஓட்டோ ஒன்று வாங்கினாற் போதாதா?" என்றார். நமது மனைவியார், காப்புறுதிப் பத்திரம் எந்த அலுமாரியில் இருக்கிறதென்று விசாரித்தார். எண்பது வயதுத் தந்தையார் மட்டும் ஒன்றும் சொல்லாமல், பாதி உண்ட சோற்றை விட்டெழுந்து கை கழுவப் போனார். அதன் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை.

நமக்கு வாய்த்த ஆசிரியர், பொலிஸ் குதிரைப் பிரிவிற் பணியாற்றி ஓய்வு பெற்ற சிங்களப் பெரியவர். தமிழ் நன்கு விளங்கும்; ஆனால் கட்டளைகள் சிங்களத்திலேதான் பிறக்கும். நமக்கு வாய்த்த குதிரையோ பத்தொன்பது வயதான கபில நிறப் பெட்டைக் குதிரை. அதன் பந்தயக் காலத்துப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். லாயத்துப் பையன்கள் 'ஆச்சி' என்றே அழைப்பார்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவான பெயர். மொழிபெயர்ப்பாளர் இன்றி நாமும் அவ்வாறே அழைத்தோம்.

முதல் நாளில் ஏறவே விடவில்லை. முன்தோள் பக்கமாக அணுகும் முறையை அரைமணி நேரம் கற்பித்தார். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், அது ஏறத்தாழச் சுற்றுமுற்றும் அனைத்தையும் காணும். நேர் பின்புறமும், நெற்றிக்கு நேர் முன்னே சிறு பகுதியுமே அதற்குத் தெரியா. ஐந்நூறு கிலோகிராம் எடை இருக்கலாம். ஆயினும் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி வந்த குலத்திற் பிறந்த பிராணி. காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலும் முதலில் ஓடிவிட்டுப் பிறகுதான் யோசிக்கும். ஆசிரியர் இதைச் சொன்னபோது நமக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. இருவரில் ஒருவர் மட்டும் பயந்தவர் அல்லர் என்பது தெரிந்ததன்றோ?

மறுவாரம் இடப்புறமாக நின்று அங்கவடியிற் காலை வைத்து ஏறினோம். இடப்புறமே ஏறும் வழக்கம், இடுப்பின் இடப்பக்கத்தில் வாள் தொங்கிய காலத்து வீரர்களிடமிருந்து வந்ததாம். நமது இடுப்பிலே கைப்பேசி ஒன்றே தொங்கியது. அதையும் கழற்றி வைக்கச் சொன்னார். மேலே அமர்ந்தபின் தரையைப் பார்த்தோம். கீழேயிருந்து பார்க்கும்போது குதிரை உயரமாகத் தெரிவதில்லை. மேலேயிருந்து பார்த்தால்தான் தரை அவ்வளவு ஆழத்திற் கிடப்பது தெரியும். முழங்கால்கள் தாமே இறுகின, தோள்கள் காதுகளை நோக்கி ஏறின, மூச்சு நின்றது. ஆச்சியின் காதுகள் உடனே பின்னோக்கித் திரும்பின. "ஹெமின், ஹெமின்" என்றார் ஆசிரியர். மெல்ல, மெல்ல என்று பொருள். அது குதிரைக்குச் சொன்னதா நமக்குச் சொன்னதா என்று இன்று வரை கேட்டதில்லை.

வயது வந்தவர் ஒரு புதிய கலையைக் கற்பதிலுள்ள சங்கடம் இதுதான் என்று நமக்குப் படுகிறது. எட்டு வயதுச் சிறுமி நமக்குப் பக்கத்து வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விழுந்தால் எழும்பத் தெரியும், அவ்வளவே தெரியும். நமக்கோ எலும்பு முறிந்தால் எத்தனை வாரம் சம்பளமில்லா விடுமுறை என்பது தெரியும். மகளின் பாடசாலைக் கட்டணம் தெரியும். அறிவு தலையில் இருந்தால் பரவாயில்லை. அது முழங்காலிலும் குடியிருக்கிறது. முழங்கால் இறுகினால் உடல் சேணத்திலிருந்து மேலே உந்தப்படுகிறது. உந்தப்பட்டால் விழுவோமென்ற பயம், அந்தப் பயத்தால் இன்னும் இறுக்கம். வட்டிக்கு வட்டி கட்டுபவனின் கணக்கு இப்படித்தான் ஏறும்.

இதற்கு ஆசிரியர் கண்ட மருந்து விசித்திரமானது. நீண்ட கயிறொன்றில் ஆச்சியைக் கட்டித் தாம் நடுவில் நின்று வட்டமாக ஓட்டினார். நமது கையிலிருந்து கடிவாள வாரை வாங்கிக்கொண்டார். அங்கவடிகளையும் கழற்றினார். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாதபோதே உட்காரப் பழகலாம் என்பது அவர் கொள்கை. பழங்காலத்தவர் அப்படித்தான் ஏறினார்கள். மகா அலெக்சாந்தரின் குதிரை வீரர்களுக்கு அங்கவடி கிடையாது. இருபுறமும் அங்கவடி மாட்டும் வழக்கம் சீனத்திலே கி.பி. 4ஆம் நூற்றாண்டளவிற்றான் தெளிவாகக் காணப்படுகிறது. இதையெல்லாம் பிற்பாடு படித்தறிந்தோம். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் வானமும் ஆச்சியின் பிடரி மயிருமே.

"பாடுங்கள் மாத்தயா" என்றார் ஆசிரியர். பாடுகிறவன் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. மூச்சு விட்டால் இடுப்பு இளகும். இடுப்பு இளகினால் முழங்கால் விடும். காரணம் நன்றாயிருந்தது, ஆனால் அந்த வேளையில் ஒரு பாட்டாவது நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது பதினாறாம் வாய்ப்பாடு. "ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வட்டமிட்டோம். பக்கத்து வட்டத்துச் சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டுக்குப் பின் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை முன்னேறினோம். ஏழாவது வாரத்தில் ஆச்சியின் முதுகு அசைவதும் நமது இடுப்பு அசைவதும் ஒரு கணம் ஒன்றாயின. அடுத்த கணம் அது போய்விட்டது. எனினும் அந்த ஒரு கணத்திற்காகத் திங்கட்கிழமை முழுவதும் கடையில் சிரித்த முகத்தோடு இருந்தோமென்று எடுபிடிப் பையன் சொன்னான்.

குதிரையின் நடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய நடையிலே நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றுவதால் நான்கு ஒலி கேட்கும். துள்ளுநடையில் எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஊன்றும். ஆகவே இரண்டே ஒலி. மென்பாய்ச்சலில் மூன்று. நாலுகாற் பாய்ச்சலில் மீண்டும் நான்கு. அதிலே ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில் நிற்கும். அப்படி நிற்கின்றனவா இல்லையா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகப் புகைப்படக் கருவிகளை வைத்துப் படமெடுத்தபின்னரே அவ்வாதம் ஓய்ந்தது. புதிதாகக் கற்பவனைத் தடுமாற வைப்பது துள்ளுநடைதான். அது உடலை மேலும் கீழும் தூக்கிப் போடும். ஓர் அடிக்கு எழுந்து, மறு அடிக்கு அமர்ந்து, குதிரையின் தாளத்தோடு போக வேண்டும். தாளம் தப்பினால் ஆச்சி மேலே வரும்போது நாம் கீழே வருவோம். அந்தச் சந்திப்பு இரு தரப்பாருக்கும் இன்பமானதன்று.

நமது தொழிற் பழக்கத்தால் ஒரு சிறு கொப்பியில் வரவு செலவு எழுதி வந்தோம். தேதி, நிமிடம், கற்றது, விட்டது. முதல் மூன்று மாதங்களில் வரவுப் பக்கம் நிறைந்தது. நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை ஒன்றுமே ஏறவில்லை. ஒரு ஞாயிறு கைவந்த துள்ளுநடை அடுத்த ஞாயிறு காணாமற் போய்விடும். எந்த வணிகத்திலும் நாலு மாதம் இப்படி நடந்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள். கொப்பியை ஆசிரியரிடம் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஆச்சிக்கு ஒரு பக்கம் இல்லையே" என்றார்.

அதன்பின் அரைமணி முன்னதாகவே சென்று லாய வேலையும் பழகினோம். தேய்ப்பது, பிடரி வாருவது, குளம்பிலே ஒட்டிய மண்ணைக் கொக்கிக் கருவியாற் சுரண்டுவது எல்லாம் இதில் அடங்கும். இடப்பக்கம் ஓய்வாகச் சாய்வது ஆச்சிக்குப் பிடிக்கும் என்பதும், மழைநாளில் அதன் பின்காலொன்று விறைத்திருக்கும் என்பதும் இந்த அரைமணிகளில் தெரிய வந்தன. கடிவாளத்தை மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். வெல்லக் கட்டியைக் கண்டால் வாய் தானே திறக்கும். கொள்ளென்றால் வாய் திறக்கும் குதிரை கடிவாளமென்றால் வாய் மூடுமாம் என்று நம் பாட்டிமார் சொன்னது கேலிக்கல்ல, கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கிரேக்கத்தில் செனபன் என்ற படைத்தலைவர் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கோபத்தோடு குதிரையை அணுகாதிருக்க வேண்டும் என்பதை அவர் அதிலே வற்புறுத்துகிறார். நமது முதலாளிமார் சிலருக்கு அந்நூலை யாராவது தமிழிற் பெயர்த்துக் கொடுத்தால் நல்லது.

எட்டாம் மாதத்தில் விழுந்தோம். கால்வாய்ப் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு பெரிய கபரகொய்யா மணலைக் கடந்து ஓடிற்று. ஆச்சி ஒரு பாய்ச்சலில் வலப்பக்கம் ஒதுங்கியது. நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம், கீழே குதிரை இல்லாமல். குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம் என்பார்கள். ஆச்சி குழி பறிக்கவில்லை. நாலடி தள்ளி நின்று தலையைத் தாழ்த்தி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்கவசம் இருந்தபடியால் தலை தப்பியது. தோளில் நல்ல அடி. ஆசிரியர் கையைக் கொடுத்துத் தூக்கி, உடனே மறுபடியும் ஏற்றி, கயிற்றைப் பிடித்து ஒரு சுற்று நடத்தினார். "பயவென்ன எபா" என்றார். பயப்படாதே என்று.

அன்று பயமே வரவில்லை. அது புதன்கிழமை இரவு வந்தது. மாதக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று உள்ளங்கை வியர்த்தது, எண்கள் அலைந்தன. அடுத்த ஞாயிறு போவதில்லை என்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானம் எத்தகைய நிம்மதியைத் தந்தது என்பதைச் சொல்லி முடியாது. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்மணியைப் பற்றி மகள் படித்துக் காட்டினாள். 1944ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதம் கண்டு முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் தூக்கி வைத்தாலன்றிக் குதிரை ஏற முடியாதவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மீண்டும் வெள்ளிப் பதக்கம் வென்றார். அருமையான வரலாறுதான். ஆனால் அத்தகைய மாமனிதர்களின் வரலாறு தோள் வலிக்கு உதவுவதில்லை என்பதே நமது அனுபவம். "அவர் அவர், நாம் நாம்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் தந்தையார் சூடாக்கிய எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். கட்டில் ஓரத்தில் அமர்ந்து தோளை உருவத் தொடங்கினார். நாம் சிறுவராயிருந்தபோது அவர் அப்படி உருவிவிட்டதில்லை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, முழு உடல் எடையையும் கொடுத்து, நீள நீளமாக, ஒரு தாளத்தோடு உருவினார். எண்பது வயதுக் கைக்கு அத்தனை பலம் ஏது என்று வியந்து, "இது எங்கே பழகியது அப்பா?" என்றோம்.

"இப்படித்தான் தாத்தா குதிரையை உருவுவார்" என்றார்.

நமது பாட்டனார் துறைமுகத்தில் வேலை செய்தவர் என்றே பிறந்த நாள் முதலாகக் கேட்டிருந்தோம். நிகழ்ந்தது வேறு. அவர் இராமநாதபுரம் சீமையிலிருந்து சிறு பிராயத்தில் வந்து, கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடலிலே குதிரைக்காரராய் இருந்தவர். காலிமுகத்திடலில் நடந்த பந்தயங்கள் 1893ஆம் ஆண்டில் அத்திடலுக்கு மாறின. சீமான்களும் சீமாட்டிகளும் தொப்பியணிந்து பார்க்க வந்த அந்த ஓட்டங்களின் பின்னே, விடியற்காலை இருட்டில் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, தேய்த்து, கொள்ளு வேக வைத்து, ஓட்டம் முடிந்தபின் வியர்வை ஆறும் வரை நடத்திக் கொண்டு திரிந்தவர்களிற் பலர் தமிழ்க் குதிரைக்காரர். அதற்கு முன்னரும் இத்தீவிலே வெள்ளைக்காரரின் வண்டிக் குதிரைகளோடு ஓடியவர்கள் அவர்களே. 1942இல் அத்திடலை விமானத்தளமாக மாற்றினார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானியர் குண்டு வீச வந்தபோது பிரித்தானியப் போர் விமானங்கள் அங்கிருந்தும் எழுந்தன. போருக்குப் பின் பந்தயம் மீண்டது. 1950களில் கொழும்பில் அடியோடு நின்றது. பாட்டனார் அதன்பின் நாட்டாமியாகிப் புறக்கோட்டையிலே தள்ளுவண்டி இழுத்தார். துறைமுகம் என்ற கதையில் அவ்வளவு பாதிதான் உண்மை.

"ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டோம். தந்தையார் கையை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் 'குதிரைக்காரன் மகன்' என்று சொல்லிக் கனைத்துக் காட்டுவார்களாம். அது ஒன்று. மற்றொன்று 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். தகப்பன் எந்த மண்ணிற் பிறந்தான் என்பதைக் கடதாசியிற் காட்ட வேண்டிய நிலை அதனால் இந்திய வம்சாவளியினருக்கு ஏற்பட்டதை வாசகர் அறிவர். குதிரைக்காரன் என்ற சொல்லே, நான் கடல் கடந்து வந்தவன் என்று தம்பட்டமடிக்கும் சொல்லாகிவிட்டது. ஆகவே அச்சொல்லை வீட்டிலே வழங்காது விட்டார்கள். பின்னர்க் குடியுரிமை கிடைத்தது. எஞ்சியிருந்தோருக்கும் 2003ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றி வழங்கினார்கள். சொல் மட்டும் திரும்பி வரவில்லை.

"முப்பது வருஷம், தம்பி. ஒருநாள்கூட அவர் மேலே ஏறினதில்லை. ஏறக் கூடாது. கூடவே நடக்கிறதுதான் வேலை" என்றார் தந்தையார்.

அந்த ஞாயிறு போனோம்.

வரலாற்றை எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பேசுகிறது. அனுராதபுரத்தை வென்று 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரை கொண்டு வந்த கடல் வணிகனின் புதல்வர் என்று மகாவம்சமே கூறுகிறது. மாணிக்கவாசகர் கையில் பாண்டியன் பொன்னைக் கொடுத்தது குதிரை வாங்குவதற்குத்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் வழியே வாங்கப்பட்ட குதிரைகள் பேணத் தெரிந்தவர் இன்மையால் இறந்துபோவதையும், அதனால் ஆண்டுதோறும் புதிதாக வாங்குவதையும் எழுதி வைத்தார். வடக்கே நெடுந்தீவில் ஐரோப்பியர் விட்டுச் சென்ற குதிரைகளின் சந்ததி இன்றும் கட்டாக்காலியாய் மேய்கிறது. பேணத் தெரியாதவர் என்று பெயரெடுத்த தென்னாட்டிலிருந்து வந்தவர்களே பிற்காலத்தில் கொழும்பிலே பேணுவதையே தொழிலாகக் கொண்டனர். அவர்களின் பெயர்களைப் பந்தயப் பலகைகள் எழுதவில்லை.

அதற்குப் பின் நமது கற்கை விரைவுற்றது என்று சொன்னாற் கதைக்கு அழகாயிருக்கும். உண்மை அப்படியன்று. பயம் இன்னும் இரண்டு மாதம் கூடவே வந்தது. ஆனால் அதையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று தெரிந்தது. ஆச்சி எடை பார்ப்பதில்லை. ஒன்பதாம் மாத முடிவில் மகள் கைப்பேசியிற் பிடித்த இரண்டு படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டுக் காட்டினாள். முதலாவதில் ஒரு கணக்கப்பிள்ளை மேசையின் முன் குனிந்திருக்கிறார். மேசைக்குப் பதில் குதிரை. இரண்டாவதில் தோள்கள் கீழே இருந்தன, குதிகால் தாழ்ந்திருந்தது, பார்வை குதிரையின் காதுகளுக்கு அப்பால் இருந்தது. எப்போது அது மாறியது? கொப்பியைத் தேடினோம். எந்தத் தேதியிலும் அது பதிவாகவில்லை.

பார்வையைப் பற்றி ஆசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் உடல் சிறிது அப்பக்கம் திரும்பும். அதை முதுகால் உணர்ந்து குதிரையும் திரும்பும். கீழே பார்த்தால் கீழேதான் போக வேண்டும். இப்போது காலையில் கெய்சர் வீதியைக் கடக்கும்போது, தலையில் மூடையோடு வரும் நாட்டாமிகளைக் கவனிக்கிறோம். எவரும் காலடியைப் பார்ப்பதில்லை. இருபது பாகம் தள்ளியே பார்க்கிறார்கள், சனக்கூட்டம் தானே பிளந்துவிடுகிறது. நாமும் அப்படியே நடக்கிறோம். வைத்தியர் சொன்ன வேகம் புறக்கோட்டையில் இயலாததன்று.

சென்ற மாதம் தந்தையார் தாமே கேட்டு நம்மோடு லாயத்துக்கு வந்தார். வேட்டியும் கைத்தடியுமாய் வாயிலில் நின்றவர், உள்ளே வந்த வாசனையை இரண்டு முறை ஆழ்ந்து இழுத்தார். பிறகு தடியைச் சுவரிற் சாய்த்துவிட்டு, ஆச்சியின் முன்தோள் பக்கமாகச் சென்றார். எவரும் சொல்லித் தரவில்லை. தோளில் வைத்த கையை எடுக்காமலே முழங்கால் வரை இழுத்துக் கொண்டுபோய், "கால் குடு" என்றார். ஆச்சி காலைத் தூக்கிக் கொடுத்தது. பத்து வயதில் பாட்டனாருக்குச் சோறு கொண்டுபோன நாட்களிற் பழகியதாம். குளம்பைப் பார்த்து, லாடத்தின் ஆணியொன்று தளர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். லாயத்துப் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆசிரியர், இது எங்கே கற்றது என்று சிங்களத்தில் வினவினார்.

"மகே தாத்தா ரேஸ் கோர்ஸ் எக்கே அஸ்வயோ பலாகத்தா" என்றார் தந்தையார். என் தகப்பனார் பந்தயத் திடலிற் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். சிங்களத்திலே தாத்தா என்றாற் தகப்பன். எழுபது ஆண்டுகளாக வீட்டிற்குள் சொல்லாததை முன்பின் அறியாதவர்கள் பத்துப்பேர் கேட்க அவர் உரக்கச் சொன்னார். ஆசிரியர் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார். பிறகு தாமே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வேலி ஓரத்திற் போட்டார்.

ஆணியைச் சரி செய்தபின் அன்று ஏறினோம். துள்ளுநடையில் இரண்டு சுற்று. பிறகு ஆசிரியர் வழக்கமான கயிற்றை அவிழ்த்துவிட்டு, "யமு" என்றார். போவோம் என்று. வெளிக்காலைச் சற்றே பின்னுக்கு வைத்து அழுத்தினோம். மூன்று ஒலி கேட்டது. வாய்ப்பாடு நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது என்னவென்றும் தெரியவில்லை. மணல் பின்னோக்கிச் சென்றது, வேலி சென்றது, வேலியோரத்து வெள்ளை வேட்டி சென்றது, மீண்டும் வந்தது.

அன்றிரவு கொப்பியில், 'மென்பாய்ச்சல், கயிறின்றி' என்று எழுதி மூடப் போனோம். தந்தையார் கையை நீட்டி வாங்கினார். கண்ணாடியைப் போட்டு, வரியைப் படித்தார்.

"எத்தனை சுற்று என்று எழுதவில்லையே?" என்றார். பேனாவையும் கேட்டு வாங்கி, நடுங்கும் எழுத்தில், பக்கத்திலே '3' என்று குறித்தார்.